பத்துக்கு நாலு

வெர்லீன் கெய்தருக்கு ஒரு கொள்கை உண்டு. கல்யாண வீட்டுக்குக் கசங்கிய சட்டையோடு போனாலும் போகலாம், டாக்டரிடம் போகக் கூடாது. தெற்கு மெம்ஃபிஸில் மவுண்ட் நெபோ சர்ச்சைச் சுற்றியுள்ள தெருக்களில் இந்தக் கொள்கையிடம் மாட்டாத கறுப்பர் வீடே கிடையாது. யாருக்காவது ஆஸ்பத்திரிக்கு நாள் குறித்துவிட்டால், முந்தின நாளே துணியைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அவளுக்குச் சலவைக்கடையில் வேலை. நீராவி மெஷினில் நாளெல்லாம் ஊரார் கோட்டுகளைத் தேய்த்துவிட்டு வந்து, வீட்டில் சர்ச் ஜனங்களின் துணிகளைச் சும்மாவே தேய்த்துக் கொடுப்பாள். துணியோடு விட்டால் பரவாயில்லை, ஆளையும் சேர்த்துத் தேய்ப்பாள்.

"முழங்கையைக் காட்டு. இதென்ன, சாம்பல் பூத்த மாதிரி? எண்ணெய் தடவு. குதிகாலுக்கும் தடவு."

"ஷூ போட்டுட்டா குதிகால் யாருக்குத் தெரியப் போகுது, மிஸ் வெர்லீன்?"

"கழட்டச் சொன்னா?"

கேட்டவர் ஷூவைக் கழற்றி எண்ணெயைக் கையில் ஊற்றுவார். பேச்சுக்கும் பயிற்சி உண்டு. வீட்டில் பேசுகிற குரல் வேறு, பேங்க்குக்குப் போன் பண்ணும்போது வருகிற குரல் வேறு. அந்த இரண்டாவது குரல்தான் ஆஸ்பத்திரிக்கு. குடும்பத்தில் படித்த பிள்ளை இருந்தால் பேச்சுவாக்கில் அதை நுழைக்க வேண்டும், பீற்றிக்கொள்வது போலத் தெரியாமல். எல்லாவற்றையும்விட முக்கியமான பாடம் கடைசியில் வரும். வலி பத்துக்கு எத்தனை என்று கேட்பார்கள். பத்து என்று மட்டும் வாயைத் திறந்துவிடக் கூடாது.

"பத்துன்னா, போதை மாத்திரைக்கு வந்திருக்கான்னு முடிவு பண்ணிருவாங்க. ஒண்ணு ரெண்டுன்னா வீட்டுக்குப் போன்னுருவாங்க. நாலுன்னு சொல்லு. நாலு சொல்றவன் வேலைக்குப் போற மனுஷன், பொய் சொல்ல மாட்டான்."

"உயிரே போனாலும் நாலுதானா?"

"உயிர் போனா நாலரை."

இதைச் சொல்லி எல்லாரும் சிரிப்பார்கள், வெர்லீனும் சிரிப்பாள். ஆனால் அவள் இந்த நாலைச் சும்மா பிடித்துக்கொள்ளவில்லை. அவள் பிறந்தது ஃபேயெட் கவுண்டியில், பருத்திக் காட்டில் வேலை பார்க்கும் குடும்பத்தில். அவளுக்கு ஆறு வயது இருக்கும்போது தம்பிக்குக் காய்ச்சல் கொதித்தது. அம்மா பருத்திச் சாக்கைக் கீழே போட்டுவிட்டு, காலில் சேற்றோடு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊர் டாக்டர் வீட்டுக்கு ஓடினாள். முன்வாசல் வெள்ளைக்காரர்களுக்கு. பின்வாசல் படியில் உட்கார்ந்தார்கள். டாக்டரின் மனைவி எட்டிப் பார்த்து, "காலைக் கழுவிட்டு வரக் கூடாதா, பொண்ணு?" என்றாளாம். முன்னறை காலியாகும்வரை உட்கார்ந்தார்கள். டாக்டர் வந்து பார்த்தபோது பிள்ளைக்கு வலிப்பு கண்டுவிட்டது. திரும்பி வருகிற வழியில், அம்மாவின் தோளிலேயே, அது போய்ச் சேர்ந்தது.

அம்மா அந்த டாக்டரை ஒரு வார்த்தை திட்டவில்லை. சேற்றைத் திட்டினாள். நான் கால் கழுவாமல் போய்விட்டேனே என்றுதான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். திட்டித் திருத்த முடிகிற ஒன்றைத்தானே மனுஷர் திட்ட முடியும். அதற்குப் பிறகு அவள் பெற்ற பிள்ளைகளில் ஒருவரும் குளிக்காமல், எண்ணெய் தடவாமல், தேய்த்த துணி போடாமல் எந்த டாக்டர் முகத்திலும் விழித்ததில்லை.

வெர்லீனின் இந்தக் கொள்கைக்கு மவுண்ட் நெபோவில் ஒரே ஒரு எதிரி. அது அவளுடைய புருஷன். ஹோசியா கெய்தர் நகராட்சியில் ரோடு போடும் கும்பலில் வேலை செய்கிறவன். ஆள் கதவு நிறைக்கும் உயரம், குரல் தெருமுனை வரை கேட்கும். கையில் தார் ஏறி ஏறி, நகத்தைச் சுற்றி என்ன தேய்த்தாலும் போகாது. கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் இதில் சண்டைதான்.

"டாக்டர் பாக்கப் போறது வயித்தையா, டையையா?" என்பான்.

"முதல்ல டையைப் பாப்பான். பிடிச்சிருந்தா வயித்தையும் பாப்பான்."

"பிடிக்கலன்னா?"

"பிடிக்கிற மாதிரி கட்டு."

ஹோசியா டாக்டரிடமே போகாமல் தப்பித்து வந்தான். அது அவன் கொள்கை.

அந்த வெள்ளிக்கிழமை அவன் வேலையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டான். முதல் நாள் சாப்பிட்ட பொரித்த கெளுத்தி மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்றான். காலையில் தொப்புளைச் சுற்றி இருந்த வலி இப்போது வலது பக்கம் கீழே இறங்கி உட்கார்ந்திருந்தது. சோபாவில் ஒருக்களித்துப் படுத்து, காலை மடக்கி, வாயைத் திறக்காமல் கிடந்தான். வெர்லீன் சலவைக்கடையிலிருந்து வந்து பார்த்தவுடன் பயந்துவிட்டாள். ஹோசியா வாயை மூடிக்கொண்டு இருந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"போலாம்," என்றான் அவன். அந்த ஒரு வார்த்தைதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. மறுப்பே சொல்லவில்லையே.

பயந்தவள் என்ன செய்திருக்க வேண்டும்? அப்படியே கையைப் பிடித்துக் காரில் ஏற்றியிருக்க வேண்டும். நீங்களும் நானும் அதைத்தான் செய்திருப்போம் என்று சொல்வது சுலபம். வெர்லீன் குளியல் தொட்டியில் வெந்நீரைத் திறந்துவிட்டாள். பயம் வந்தால் அவள் கை தானாக இஸ்திரிப் பெட்டிக்குத்தான் போகும், அது அவள் அம்மா கொடுத்துவிட்டுப் போன சொத்து. அவனை உட்காரவைத்துக் குளிப்பாட்டினாள். முகம் மழித்தாள். நகத்தைச் சுற்றிப் பிரஷ் போட்டுத் தேய்த்தாள். முழங்கை, முழங்கால், குதிகால் எல்லாம் எண்ணெய். சாம்பல் நிறக் கோட்டும் அதே நிறத்தில் உள்கோட்டும், பொத்தான் பொத்தானாகப் போட்டுவிட்டாள். உள்கோட்டுக் கடைசிப் பொத்தானை மாட்டும்போது அவன் ஹ்ம் என்று ஒரு சத்தம் போட்டான்.

"அங்கயா வலிக்குது?"

"அங்கதான். நீ மாட்டு."

காரில் போகும்போது பாடம் நடந்தது. "என்ன சொல்லுவ?"

"வயித்து வலின்னு."

"எத்தனை கேட்டா?"

"வெர்லி, இது நாலு இல்ல."

"நாலு. ஹோசியா, தயவு செஞ்சு. உன் சைசுக்கும் உன் குரலுக்கும் நீ போய்ப் பத்துன்னு சொன்னா, காவல்காரனத்தான் முதல்ல கூப்பிடுவாங்க. நாலு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "சரி, அம்மணி. நாலு."

அங்கே எல்லாம் அவள் நினைத்ததைவிட நன்றாகவே நடந்தது, அதுதான் வேதனை. பார்த்த டாக்டர் சின்னப் பையன் போல இருந்தான், பெயர் விட்லோ, வெள்ளைக்காரன், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. மரியாதையான ஆள். உள்ளே வந்ததும் ஹோசியாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "வாங்க மிஸ்டர் கெய்தர்" என்றான். வெர்லீனுக்கு ஜிவ்வென்று ஏறியது. பேரப்பிள்ளை வயதுள்ள வெள்ளைக்காரர்கள் எல்லாம் அவர்களை ஹோசியா, வெர்லீன் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுக் காது காய்த்துப்போனவள் அவள்.

"என்ன பண்ணுது, மிஸ்டர் கெய்தர்?"

"வயிறு கொஞ்சம் சரியில்ல, சார். மீன் சாப்பிட்டேன்."

"வலி பத்துக்கு எத்தனை சொல்வீங்க?"

ஹோசியா மனைவியைப் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, பேங்க் குரலில், "நாலு சார்" என்றான். அதோடு ஒரு சிரிப்பும் சிரித்து வைத்தான்.

"எங்க பொண்ணு அட்லாண்டால டீச்சரா இருக்கா," என்று வெர்லீன் எடுத்துக் கொடுத்தாள்.

"ரொம்ப சந்தோஷம்மா." டாக்டர் உள்கோட்டுக்கு மேலேயே இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தான். பொத்தான்களைக் கழற்றச் சொல்லவில்லை. அத்தனை மடிப்பு மாறாமல் தேய்த்த துணியைக் கசக்க யாருக்குத்தான் மனசு வரும். லேசாகக் காய்ச்சல் இருக்கிறது, மீன் கெட்டுப்போயிருக்கும், இந்த மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள், சரியாகவில்லை என்றால் திங்கட்கிழமை வாருங்கள் என்று சொல்லி, மறுபடியும் கை குலுக்கி அனுப்பிவைத்தான்.

காரை எடுக்கும்போது வெர்லீனின் முகம் மலர்ந்திருந்தது. "கவனிச்சியா? மிஸ்டர் கெய்தர், மிஸ்டர் கெய்தர்னு எத்தன தடவ சொன்னான்."

"கவனிச்சேன்."

"இப்ப என்ன சொல்ற? துணியில இருக்கா இல்லியா?"

ஹோசியா கார்க் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

சனிக்கிழமை அவனுக்கு வலி குறைந்தது. குறைந்தது என்றால் சட்டென்று, குழாயை மூடியது போல. எழுந்து உட்கார்ந்து சோளக்கஞ்சி இரண்டு வாய் சாப்பிட்டான். மாத்திரை கேட்கிறது, கடவுளுக்கு ஸ்தோத்திரம் என்று வெர்லீன் சர்ச்சுக்கான துணியைத் தேய்க்கப் போய்விட்டாள். உள்ளே என்ன உடைந்ததால் வலி நின்றது என்று அவளுக்கு எப்படித் தெரியும்.

மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து நாள். அன்றைக்கு வெர்லீன் சர்ச்சில் இல்லாமல் முடியாது, ஏனென்றால் அவள் நர்ஸ் சங்கத்தின் தலைவி. அந்தச் சங்கத்துக்கும் மருத்துவத்துக்கும் தூரத்து உறவுகூடக் கிடையாது. பாட்டும் பிரசங்கமும் உச்சத்துக்குப் போய், பரிசுத்த ஆவி இறங்கி யாராவது ஆடி மயங்கி விழுந்தால், தலை தரையில் மோதாமல் பிடிப்பது, விசிறுவது, பெண்களாக இருந்தால் முழங்காலுக்கு மேலே துண்டைப் போர்த்துவது, எழுந்ததும் ஒரு புதினா மிட்டாய் கொடுப்பது. இவ்வளவுதான் வேலை. ஆனால் உடுப்பைப் பார்த்தால் பெரிய ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் தோற்றுப்போவாள். வெள்ளை உடுப்பு, வெள்ளைக் காலுறை, வெள்ளை ஷூ, தலையில் கஞ்சி போட்ட வெள்ளைக் குல்லா, நெஞ்சில் சிலுவை போட்ட ஒரு பித்தளைப் பட்டை.

ஆராதனை முடிந்ததும் ஓப்பலின் தன் காரில் அவளைக் கொண்டுவந்து விட்டாள். ஓப்பலினும் நர்ஸ் சங்கம்தான், அடுத்த தெரு. "ஹோசியாவுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்" என்று அவளும் உள்ளே வந்தாள். வந்ததே நல்லதாகப் போயிற்று.

ஹோசியா குளியலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் தரையில் கிடந்தான். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. வெர்லீன் அவன் வயிற்றில் கையை வைத்தாள். மேஜைப் பலகை போல இருந்தது. மேலே அழுக்குப் பனியன், கீழே பழைய பைஜாமா, அதுவும் நனைந்திருந்தது.

அவள் கண் ஒரு கணம் அலமாரிப் பக்கம் போயிற்று. போயிற்று, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. பிறகு அவள், "ஓப்பலின், காலைப் பிடி" என்றாள்.

இரண்டு பெண்களும் அந்த மலை போன்ற மனிதனை எப்படிக் காரில் ஏற்றினார்கள் என்று இன்றுவரை அவர்களுக்கே தெரியாது.

அதே ஆஸ்பத்திரி. வாசலுக்கு உள்ளே, யார் எவ்வளவு அவசரம் என்று பிரித்து அனுப்பும் நர்ஸ் ஒருத்தி மேஜையில் இருந்தாள். வெள்ளைக்காரி, நடுவயது, களைத்த முகம். சுவரோரம் நாற்காலிகளில் ஜனம் நிறைந்து கிடந்தது. அதில் பாதிக்கு மேல் கறுப்பு முகங்கள், மடியில் பிள்ளைகளும் கையில் துண்டுகளுமாக, எப்போதோ வந்து உட்கார்ந்தவர்கள். நர்ஸ் நிமிர்ந்தாள். அவள் பார்வை சக்கர நாற்காலியில் முனகிக்கொண்டிருந்த ஹோசியாவின் மேல், அந்தப் பனியன்மேல், தார் நகங்கள்மேல் ஒரு முறை போய் வந்தது. அந்தப் பார்வையை வெர்லீனுக்குத் தெரியும். அம்மாவின் காலில் விழுந்த பார்வை அது. நர்ஸ் வாய் திறந்து, "அப்படி உக்காருங்க" என்று சொல்லத்தான் போனாள். அதற்குள் கண் மேலே ஏறி, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நின்ற வெள்ளை உடுப்பைப் பார்த்துவிட்டது. பக்கத்தில் இன்னொரு வெள்ளை உடுப்பு.

நர்ஸின் முகமே மாறியது. "நீங்களும் நர்ஸாம்மா?"

வெர்லீனின் வாயில் திருவிருந்தின் திராட்சை ரசம் இன்னும் இனித்துக்கொண்டிருந்தது. பொய் சொன்ன பிள்ளைகளின் காதைத் திருகியே வளர்த்தவள் அவள். பக்கத்தில் ஓப்பலின் மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது.

"ஆமா," என்றாள் வெர்லீன். "நர்ஸ்தான்."

"எப்பருந்து இப்படி இருக்காரு?"

"வெள்ளிக்கிழமை வலது பக்கம் அடிவயிறு. நேத்து திடீர்னு வலி நின்னுச்சு. இன்னைக்குக் காய்ச்சல், நடுக்கம், வயிறு கல்லு மாதிரி."

"வலி பத்துக்கு எத்தனை?" நர்ஸ் ஹோசியாவிடம் குனிந்தாள்.

ஹோசியாவின் கண் பாதி மூடியிருந்தது. உதடு காய்ந்து ஒட்டியிருந்தது. அந்த நிலையிலும் அவன் பேங்க் குரலைத் தேடினான், தேடி எடுத்தான். "நாலு... மேடம்."

அதைக் கேட்டு வெர்லீனுக்கு உள்ளே ஏதோ அறுந்தது. நாலு என்று சொன்னது அவன் இல்லை, அவள்தான். அவனுக்குள்ளே உட்கார்ந்துகொண்டு அவளே பேசினாள்.

"பத்து," என்றாள். "நான் சொல்றேன், பத்துன்னு போடுங்க."

நர்ஸ் பத்து என்று போட்டாள். ஒரு கேள்வி இல்லை, ஒரு சந்தேகம் இல்லை. கதவு திறந்தது, இரண்டு பேர் ஓடி வந்தார்கள், நாற்காலியோடு அவனை உள்ளே கொண்டுபோனார்கள். சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர், மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு, அந்தக் கதவு மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் கோட்டு போட்டிருந்தார். நன்றாகத் தேய்த்த கோட்டு. வெர்லீன் அவரைப் பார்க்க மாட்டாமல் திரும்பிக்கொண்டாள்.

குடல்வால் வெடித்து ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தது. வயிறு முழுக்கச் சீழ். அறுத்துக் கழுவி, குழாய் வைத்து, இன்னொரு தடவை அறுத்து, எல்லாம் முடிந்து அவன் கண் விழித்து ஆளை அடையாளம் காண நாள் பிடித்தது. இன்னும் கொஞ்ச நேரம் வெளியே உட்காரவைத்திருந்தால் ஆள் போயிருப்பார் என்று அறுவை டாக்டர் அவளிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "நல்ல வேளை, நீங்க நர்ஸா இருந்தீங்க" என்றார். வெர்லீன் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் அவளைத் தின்றது.

ஹோசியா தலையணையில் சாய்ந்து உட்கார ஆரம்பித்த பிறகு, ஒரு மத்தியானம் டாக்டர் விட்லோ வார்டுக்கு வந்தான். யாரும் அவனை வரச் சொல்லவில்லை. கட்டில் ஓரத்தில் நின்று, கழுத்தில் தொங்கிய ஸ்டெதஸ்கோப் குழாயை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தான்.

"மிஸ்டர் கெய்தர், மிசஸ் கெய்தர். வெள்ளிக்கிழமை நான் தவற விட்டுட்டேன். மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன். அவர் நாலுன்னு சொன்னாரு. சிரிச்சிட்டே இருந்தாரு. நான் நம்பிட்டேன்."

"நாலுன்னு சொல்லச் சொன்னதே நான்தான்," என்றாள் வெர்லீன்.

அவன் புரியாமல் பார்த்தான்.

"இன்னொண்ணும் கேட்டுக்கங்க. நான் நர்ஸ் இல்ல. சலவைக்கடையில துணி தேய்க்கிறேன். ஞாயித்துக்கிழமை வந்தப்ப நான் போட்டிருந்தது சர்ச் உடுப்பு. அங்க என் வேலை விசிறி வீசுறது. யார்கிட்ட சொல்லணுமோ சொல்லிக்கங்க."

"வெர்லி," என்றான் ஹோசியா மெல்ல.

"இரு. இதைச் சுமந்துட்டு என்னால முடியல." அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள். "தம்பி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கோபமா கேக்கல. வெள்ளிக்கிழமை நான் இவரைக் குளிப்பாட்டாம, வேலைக்குப் போன துணியோடயே, தாரோட கூட்டிட்டு வந்திருந்தா, இவரும் பத்துன்னு கத்தியிருந்தா, நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

டாக்டர் விட்லோ குழாயைச் சுற்றுவதை நிறுத்தினான். காது மடல் சிவந்தது. நல்ல பிள்ளைதான் அவன், யோசித்துப் பார்த்தான்.

"போதைக்கு என்ன மாத்திரை போடுறீங்கன்னு கேட்டிருப்பேன்," என்றான் கடைசியில். "முதல்ல அதைத்தான் கேட்டிருப்பேன்னு நினைக்கிறேன்."

"அந்த வெள்ளை உடுப்பு இல்லாம நான் ஞாயித்துக்கிழமை வந்திருந்தா?"

அவன் தரையைப் பார்த்தான். "உக்காரச் சொல்லியிருப்பாங்க."

வெர்லீன் தலையை அசைத்தாள். அவள் மனதில் ஒரு பாரம் இறங்கி, அந்த இடத்தில் அதைவிடப் பெரிய பாரம் ஒன்று ஏறி உட்கார்ந்தது. சேறு இருந்தாலும் தப்பு, கழுவினாலும் தப்பு. அம்மா அந்தப் படியில் கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் முன்னறை காலியான பிறகுதான் டாக்டர் வந்திருப்பார். தன் சேற்றால்தான் பிள்ளை போயிற்று என்று சாகும்வரை நினைத்துக்கொண்டிருந்தாளே, பாவி மகள். ஒரு வார்த்தை அவளுக்குச் சொல்ல இப்போது வழியில்லையே என்று வெர்லீனுக்கு அழுகை முட்டியது. வெள்ளைக்காரன் முன்னால் அழுது பழக்கமில்லாதவள், ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினாள்.

"பொய் சொல்லாம சொன்னீங்களே," என்றாள் திரும்பாமல். "அந்த மட்டுக்குச் சரி."

டாக்டர் கட்டிலுக்கு இன்னும் நெருங்கி வந்தான். "நான் ஒரு தடவை வயித்தப் பாக்கலாமா?" என்று ஹோசியாவிடம் கேட்டான். போர்வையை விலக்கி, சட்டையை மேலே தூக்கி, தையல்களுக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வெறும் தோலில் வைத்தான். "இப்ப பத்துக்கு எத்தனை?"

ஹோசியாவின் பார்வை பழக்கதோஷத்தில் மனைவியிடம் போயிற்று.

"என்னை ஏன் பாக்குற? வயிறு உன்னுது," என்றாள் அவள்.

ஹோசியா யோசித்தான். தன் வலிக்குத் தானே ஒரு எண் சொல்வது அவனுக்கு முதல் தடவை. "ஏழு," என்றான் தயங்கி. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பிறகு ஹோசியா, "ஏழரை," என்று திருத்தினான்.

வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் டெனிஷா வந்து கதவைத் தட்டினாள். பாடகர் குழுவில் பாடுகிற பெண், இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. பிறவியிலேயே ரத்தத்தில் வியாதி. அது கிளம்பினால் எலும்புக்குள் கண்ணாடி நொறுங்குவது போல இருக்கும் என்பாள். ஆஸ்பத்திரிக்குப் போய் வலி என்றால் இவளைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள், ஏனென்றால் இவள் அடிக்கடி போகிறவள். தோளில் ஒரு நல்ல கவுனைத் தொங்கப்போட்டிருந்தாள், நெற்றியில் வேர்வை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதைத் தேய்ச்சுக் குடுங்க, மிஸ் வெர்லீன். இன்னைக்கு நான் எத்தனைன்னு சொல்லணும்?"

"எத்தனை வலிக்குது?"

"ஒன்பது."

"அப்ப ஒன்பது சொல்லு. கவுனை அங்க போடு, அது கிடக்கட்டும். நைட்டியோடயே வா."

"நம்ப மாட்டாங்க."

"தெரியும். உக்காரு."

வெர்லீன் உள்ளே போனாள். இஸ்திரிப் பெட்டியைச் செருகினாள். அலமாரியிலிருந்து வெள்ளை உடுப்பையும் குல்லாவையும் எடுத்து மேஜையில் விரித்தாள். கைத்தடி ஊன்றிக்கொண்டு ஹோசியா வாசற்படியில் வந்து நின்று, உடுப்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் எடை பாதியாகிவிட்டிருந்தது, நாக்கு மட்டும் அப்படியே இருந்தது.

"கல்யாணமான நாள்லருந்து தப்பான ஆளோட துணியத் தேச்சிருக்க, அம்மணி."

அவள் சிரிக்கவில்லை. தண்ணீரை வாயில் வைத்துத் துணிமேல் ஊதினாள்.

"அன்னைக்கு டாக்டர்கிட்ட உண்மையச் சொல்லிட்டு வந்தியே," என்றான் ஹோசியா. "மறுபடி நர்ஸான்னு கேட்டா?"

"ஆமான்னு சொல்லுவேன்."

"மேல இருக்கிறவர் கேட்டா?"

வெர்லீன் குல்லாவின் மடிப்பில் பெட்டியை வைத்து அழுத்தினாள். கூடத்தில் டெனிஷா பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது கேட்டது.

"முதல்ல அந்த ஆஸ்பத்திரிக்காரங்களக் கேக்கட்டும்," என்றாள். "அப்புறம் என்னைக் கேக்கட்டும். சாவிய எடுத்துட்டு வந்து காரைக் கிளப்பு."